பருந்து என்று எழுதியிருந்தது

ஷெஃபீல்டு
9 ஜூன் 2024

அன்புள்ள ஜீனாவுக்கு,

நான் இங்கே நலம். அங்கே நீ நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே அலமாரியில் போட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. என் போன் எண்ணை நீ தடுத்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. தபால்காரரைத் தடுக்க முடியாது என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். ஒரு வரி பதில் போட்டால் போதும். திட்டி எழுதினாலும் சரி.

என் வேலை மாறியிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் ஸ்கேன் கூடத்தில் இப்போது எனக்கு நோயாளிகளே கிடையாது. “மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க” என்று கத்த வேண்டியதில்லை. இரண்டாயிரம் வருஷமாக அசையாதவர்கள்தான் வருகிறார்கள். ஒரு சின்னக் கடற்கரை ஊரின் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து வந்த விலங்கு மம்மிகள் நாற்பது கிடந்தன. பூனை, அரிவாள் மூக்கன், பருந்து, முதலைக்குட்டி. நாம் வேளாங்கண்ணியில் வெள்ளிக் கை, வெள்ளித் தொட்டில் வாங்கிப் போடுகிறோம் இல்லையா, அதுபோல அவர்கள் இவற்றைத் துணியில் சுற்றிச் சாமிக்குக் கொடுத்திருக்கிறார்கள். துணியைப் பிரித்தால் பொடிந்துபோகும். அதனால் பிரிக்காமல் உள்ளே பார்க்கிறோம். நம் சி.டி. ஸ்கேன் போலத்தான், ஆனால் ஒரு மயிரிழையைக் கூடப் பிரித்துக் காட்டும். ஒன்றை எடுத்து முடிக்க அரை நாள் ஆகும்.

ஒரு பூனைக்குட்டியின் கழுத்தைத் திருகியிருப்பது தெரிந்தது. சிலவற்றுக்குள் விலங்கே இல்லை, களிமண்ணும் நாணலும் நாலு இறகும்தான். பூசாரி ஏமாற்றிவிட்டார் என்கிறார் எங்கள் பேராசிரியர்.

ஒரு படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பெட்டியில் ‘பருந்து’ என்று நூறு வருஷத்துக்கு முன் யாரோ எழுதியிருக்கிறார்கள். வெளியே பருந்து முகமும் வரைந்திருக்கிறது. உள்ளே மண்டையோட்டைக் காணவில்லை. குரங்குக்குட்டியாக இருக்கலாம் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். திருநெல்வேலியில் நாம் படிக்கும்போது எந்தப் படத்தையும் எல்லோருக்கும் முன்னால் படித்துச் சொல்வது நீதான். நீ பார்த்துச் சொல்.

உன் தங்கச்சி ஷைலா எப்படி இருக்கிறாள்? சாம்ராஜ் அவளை நன்றாக வைத்திருக்கிறானா? உனக்கு விசா எடுப்பது இப்போதும் ஒன்றும் கஷ்டமில்லை, ஜீனா.

அன்புடன்,
உன் பெனோ


கோவில்பட்டி
27 ஜூன் 2024

பெனோ அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம்.

இங்கே ஆனி பிறந்தும் மழை இல்லை. காற்றுதான் அடிக்கிறது. கரிசல் வெடித்து, காலை விட்டால் உள்ளே போகிற அளவுக்குக் கிடக்கிறது. ஸ்கேன் சென்டரில் புது எக்ஸ்ரே மிஷின் வந்திருக்கிறது. டாக்டர் என்னை நம்பி விட்டுவிட்டார். ஷைலா கடம்பூரில் நன்றாக இருக்கிறாள். நான்கு மாதம் முழுகாமல் இருக்கிறாள்.

படத்தை முந்தாநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் ஜன்னல் ஓரம் நின்று பார்த்தேன். மாரித்தாய் தரையைக் கூட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தாள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து நின்று எங்களிடம் ஆயாவாக வந்த அம்மா, உங்களுக்குத் தெரியும். எக்ஸ்ரேயில் எது கை எது கால் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எட்டிப் பார்த்துவிட்டு, “யாரு பிள்ளைம்மா இது? கையைக் கட்டிக்கிட்டுல்லா கெடக்கு” என்றாள்.

நீங்கள் கேட்டதற்காக முறைப்படி எழுதுகிறேன். பருந்துக்கு நெஞ்செலும்பு படகின் அடிப்பக்கம் போல முன்னால் துருத்தி நிற்கும். இதற்கு அது இல்லை. இரண்டு கையும் மார்பின் மேல் குறுக்காக மடித்திருக்கிறது. இடது கையில் ஐந்து விரலையும் எண்ணலாம். குரங்குக்கு இவ்வளவு நீளப் பெருவிரல் கிடையாது. தொடையெலும்பை உங்கள் அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஏழாம் மாதம் தொடங்கியிருக்கும். கண்குழி இரண்டும் இருக்கின்றன. அதற்கு மேலே ஒன்றுமில்லை. மண்டையோடு காணாமல் போகவில்லை. அது உருவாகவே இல்லை. மனிதப் பிள்ளை.

இதைப் படிக்க உங்களுக்கு நான் வேண்டுமா? இதே போன்ற ஒரு படத்தை ஐந்தாம் மாத ஸ்கேனில் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே பார்த்தோம். டாக்டர் வாயைத் திறக்கும் முன்னால் நீங்கள் என் கையை விட்டுவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனீர்கள். தெரியாதது போல எனக்குப் படம் அனுப்புகிறீர்கள்.

இரண்டு நாளாக இதை மேஜையில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தப் பிள்ளையைப் பெற்றவள் எந்த எக்ஸ்ரே ரூமில் வேலை பார்த்தாள்?

நம் பிள்ளை செத்துப் பிறந்த முப்பதாம் நாள் புதியம்புத்தூர் வீட்டில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் உங்கள் அம்மா கேட்டார்கள். “எக்ஸ்ரே ரூமுலயே கெடந்தா பிள்ளைக்குத் தலை எப்படிக் கூடும்?” அதுவரை என்னைப் பாவம் என்று பார்த்தவர்கள் அன்றோடு வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். உடம்பில் படுகிற கதிரை அளக்க நான் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜுக்கு, பிள்ளை தரித்த முதல் மூன்று மாதத்துக்கும் சுழி என்று அறிக்கை வந்ததை முதலில் பிரித்துப் பார்த்தவர் நீங்கள். தலை தூக்கி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரசம் கேட்டீர்கள்.

விசா பேச்சு வேண்டாம்.

ஜீனா


ஷெஃபீல்டு
20 ஜூலை 2024

அன்புள்ள ஜீனா,

உன் கடிதத்தைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று படித்தேன். இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டேன்.

எனக்குத் தெரிந்திருந்தது. படம் திரையில் ஏறிய அன்றைக்கே தெரிந்தது. நானாக அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. குரங்கு என்று மற்றவர்கள் சொன்னபோது ஆமாம் போட்டேன். இரண்டு வாரம் போட்டேன். யாராவது சொன்னால் தேவலை என்று இருந்தது, அதுதான் உனக்கு அனுப்பினேன். கோழைத்தனம்தான். என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

நீ எழுதியதை மொழிபெயர்த்துக் கூட்டத்தில் வாசித்தேன். பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார். இந்தக் குறை உள்ள இவ்வளவு பழைய பிள்ளையை அவர் கண்டதில்லையாம். மறுபடி மூன்று நாள் வைத்துப் படம் எடுத்தோம். முதுகெலும்பும் மேல்பாதி மூடாமல் இருக்கிறது. நம் டாக்டர் சொன்னது போலவே.

சுற்றியிருக்கிற விதத்தை நீ பார்க்க வேண்டும். முதலில் மெல்லிய துணி, விரல் விரலாகப் பிரித்து. அதன் மேல் எண்ணெயும் பிசினும். பிறகு பட்டையாகக் கிழித்த துணி ஏழு சுற்று. வெளியே அந்தப் பருந்து முகம் வரைந்த சின்ன முகமூடி, அதில் பொன்பூச்சு. தலை இல்லாத இடத்தில் துணியை உருண்டையாக மடித்து வைத்து ஒரு தலையே செய்திருக்கிறார்கள். வேண்டாத பொருளுக்கு யாரும் இவ்வளவு செய்ய மாட்டார்கள்.

கட்டுரை எழுதுகிறோம். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் உன் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன். ஜீனா, கோவில்பட்டி, இந்தியா என்று.

அம்மா அன்று பேசியது தப்பு. நானும் பேசாமல் இருந்தது தப்பு. அம்மா பழைய காலத்து ஆள், மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இல்லை. மன்னித்துவிடு.

உன் பெனோ


கோவில்பட்டி
11 ஆகஸ்ட் 2024

பெனோ அத்தானுக்கு,

நன்றிப் பக்கத்தில் என் பெயர் வேண்டாம். அதைப் புதியம்புத்தூரில் யாரும் படிக்கப் போவதில்லை, கடம்பூரிலும் படிக்கப் போவதில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருஷத்தில் முதல் தடவை. அதனால்தான் இதைக் கேட்கிறேன். எனக்கு ஒரு காரியம் செய்து கொடுங்கள்.

ஷைலாவுக்கு டிசம்பர் நடுவில் நாள் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை. நான்தான் கட்டிக் கொடுத்தேன். வருகிற மாதம் வளைகாப்பு. முதல் வளையல் நான் போட வேண்டும் என்று அவள் சின்னப் பிள்ளையில் இருந்தே சொல்லுவாள். போன ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு கடம்பூர் போனேன். ஷைலாவின் மாமியார் வேதமணி அம்மா வாசலிலேயே நின்றுகொண்டார்கள். கதவை மூடவில்லை, திட்டவும் இல்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னார்கள்.

“தப்பா நெனைக்காதம்மா. உன் மேல அந்தக் கதிரு இருக்கும்னு சொல்லுதாவ. உங்க மாமியே எங்க பங்குக் கோயில்ல வந்து சொன்னாவ. வாயும் வயிறுமா இருக்கவள நீ தொடாண்டாம். பிள்ளை நல்லபடியாப் பொறக்கட்டும், பொறவு வந்து பாரு.”

ஷைலா உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வரவில்லை. பழத்தைத் திண்டில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். 

எக்ஸ்ரே மிஷினை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும், லைட்டை அணைத்தால் வெளிச்சம் மிஞ்சாதது போல என்று நான் சொன்னால் அது எடுபடாது. குற்றவாளி சொல்லுகிற சமாதானம் அது. நீங்கள் சொன்னால் எடுபடும். வெளிநாட்டில் ஸ்கேன் ஆராய்ச்சி செய்கிற மகன். உங்கள் கையெழுத்தில், தமிழில், உங்கள் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மிஷினே இல்லாத காலத்திலும் இப்படிப் பிள்ளை பிறந்திருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன், ஜீனா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று. அதைக் கொண்டுபோய்க் கடம்பூரில் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும்.

இன்னொன்று. எகிப்துப் பிள்ளையை எப்படிச் சுற்றினார்கள் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். நம் பிள்ளையை எதில் சுற்றினார்கள்? நான் மயக்கத்தில் இருந்தேன். தெளிந்து கேட்டபோது “எல்லாம் முடிஞ்சுது, நீ பாக்காண்டாம்” என்றீர்கள். அப்புறம் நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

ஜீனா


ஷெஃபீல்டு
8 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜீனா,

பதில் தாமதமாகிவிட்டது. இங்கே ஒரே அமளி. செய்தி பரவி, தொலைக்காட்சியிலிருந்து வந்துவிட்டார்கள். பேராசிரியர் ஊரில் இல்லாததால் நானே பேச வேண்டியதாயிற்று. பத்திரிகையில் வந்த துண்டை வைத்திருக்கிறேன். படத்தில் மிஷினுக்குப் பக்கத்தில் நிற்பது நான்தான், கோட் இரவல். “பெயர் தெரியாத அந்தத் தாயின் துக்கத்தை நாம் இப்போது மரியாதையோடு பார்க்கிறோம்” என்று நான் சொன்னதைத் தலைப்பாகவே போட்டுவிட்டார்கள். புதியம்புத்தூரில் யாரோ செல்லில் பார்த்துவிட்டு அம்மாவிடம் காட்டினார்களாம். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டதாம்.

நீ கேட்ட கடிதத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். அம்மாவுக்குப் போன மாதம் பிரஷர் ஏறி இரண்டு நாள் படுத்திருந்தார்கள். இந்த நேரத்தில் எழுத்தில் இப்படி வந்தால் மகன் பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக் குற்றம் சொல்லுகிறான் என்று நினைப்பார்கள். டிசம்பரில் வருகிறேன். நேரில் பக்குவமாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஷைலாவிடமும் நானே பேசுகிறேன். கொஞ்சம் பொறு.

நீ கேட்ட மற்றதை நேரில் பேசுவோம். அதையெல்லாம் எழுத முடியாது.

உன் பெனோ


கோவில்பட்டி
13 அக்டோபர் 2024

பெனோ அவர்களுக்கு,

வளைகாப்பு முடிந்துவிட்டது. மாரித்தாய் மகள் செல்லில் படம் காட்டினாள். முதல் வளையல் வேதமணி அம்மா போட்டார்கள்.

நீங்கள் டிசம்பரில் பக்குவமாகச் சொல்ல வேண்டியதில்லை. நேற்று நானே போய்ச் சொல்லிவிட்டேன். எட்டயபுரத்தில் இறங்கி, பஸ் மாறி, வெயில் ஏறும் முன் புதியம்புத்தூர் போய்ச் சேர்ந்தேன். தீபாவளி ஆர்டர், தெரு முழுக்கத் தையல் மிஷின் சத்தம். உங்கள் வீட்டு முன்கட்டைத் தைக்கிறவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். மாமி ஒரு குவியல் சின்னப் பிள்ளைக் கவுன்களை மடியில் போட்டு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் கத்தரி நின்றது. “வா, இங்கன உக்காரு” என்றார்கள். படியேறிப் போனேன். உட்கார்ந்து படத்தை எடுத்து மாமி மடியில் வைத்தேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின பிள்ளை, அப்போது கரண்டு கிடையாது, எக்ஸ்ரே கிடையாது, இதற்கும் தலை கூடவில்லை பாருங்கள் மாமி என்றேன். பத்திரிகைத் துண்டையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்கள். விரலால் அந்தப் பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

“இதையா டி.வி.யில சொன்னான்?” என்றார்கள். “என்னமோ பருந்து, பறவைன்னுல்லா சொன்னாவ.”

“பிள்ளைதான், மாமி. எம்பிள்ளை மாதிரி. என் வேலையால இல்லைன்னு இப்பமாவது ஒத்துக்கிடுங்க. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் நீங்க சொன்ன சொல்லு என்னை என் தங்கச்சி வீட்டு வாசல்ல நிறுத்தியிருக்கு.”

அவர்கள் கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். ஆச்சரியப்பட்டார்கள்.

“ஏட்டி, நானா சொன்னேன்? எக்ஸ்ரேயைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நான் அஞ்சாம் வகுப்பு. ஆஸ்பத்திரி வராண்டாவுல வச்சுக் கேட்டேன், ‘ஏலே, எப்படி இப்படி ஆச்சு, யாரு செஞ்ச பாவம்லே’ன்னு. அவந்தான் சொன்னான். ‘பாவமும் இல்ல ஒண்ணும் இல்லம்மா, அவ பாக்க வேலை அப்படி. முத மாசத்துலயே கதிரு பட்டிருக்கும். நான் சொல்லச் சொல்லக் கேக்காமப் போனா’ன்னான். அதே படிப்பு படிச்சவன். அவன் சொன்னா நான் நம்பாம என்ன செய்ய? உனக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்.”

முன்கட்டில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் ஒரு கவுனை எடுத்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எப்போது கத்தரியை வாங்கினேன் என்று தெரியவில்லை.

நீங்கள் சொல்லச் சொல்ல நான் கேட்காமல் போனேனா? ஆறாம் மாதம் வரை என்னைச் சென்டரில் பைக்கில் கொண்டுவந்து விட்டது யார்?

கிளம்பும்போது மாமி வாசல்வரை வந்தார்கள். என் கையைப் பிடித்தார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவர் என்னைத் தொட்டார்கள். பிறகு மெதுவாக, “வெளிய யார்ட்டயும் சொல்லிராத ஜீனா. இப்பந்தான் அவன் பேரு வந்திருக்கு. கெட்டுப் போயிரும்” என்றார்கள்.

இது உண்மையா என்று மட்டும் எழுதுங்கள். அம்மா வயதாகி மாற்றிச் சொல்கிறார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். நான் நம்பிவிடுவேனோ என்றுகூடத் தோன்றுகிறது.

ஜீனா


ஷெஃபீல்டு
3 நவம்பர் 2024

என் ஜீனாவுக்கு,

அம்மா மாற்றிச் சொல்லவில்லை.

நான்கு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது கிழிக்காமல் அனுப்ப வேண்டும்.

பிள்ளை பிறந்த அன்று மத்தியானம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வீட்டுச் சொந்தத்திலும் இப்படிப் பிள்ளை பிறந்திருக்கிறதா என்று கேட்டார். யாருடைய குற்றமும் இல்லை, சில சமயம் வம்சத்தில் வரும், பல சமயம் காரணமே தெரியாது என்றார். வெளியே வந்தேன். அம்மா வராண்டாவில் நின்றார்கள். யாரால் என்று கேட்டார்கள். என்னால் இருக்குமோ என்ற பயம் அந்த நிமிஷம்தான் எனக்குள் வந்திருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. வாயில் வந்தது உன் வேலை. சொல்லி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் இத்தனை நாள் என்னால் எழுத முடியவில்லை.

இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. முப்பதாம் நாள் அம்மா அதைச் சொன்னபோது நான் சொன்ன வார்த்தைகளே திரும்பி வந்தன. மறுத்தால் அம்மா எல்லோர் முன்னாலும் “நீதானே சொன்ன” என்பார்கள் என்று குனிந்துகொண்டேன்.

நீ கேட்ட மற்றது. ஆஸ்பத்திரிப் பச்சைத் துணி. ஒரு நர்ஸ் கொண்டுவந்து, “பொம்பளைப் பிள்ளை. பாக்கீங்களா சார்?” என்றாள். வேண்டாம் என்றேன். அவள் துணியை மூடிக்கொண்டு போனாள். வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா, நாங்கள் பார்த்துக்கொள்ளவா என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். நீங்களே பாருங்கள் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எரிக்கிற கழிவோடு மஞ்சள் பைக்குப் போகும் என்று தெரியும். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவனுக்கு அது தெரியாமல் இருக்காது. 

இங்கே அந்தப் பிள்ளையை மூன்று நாள் பார்த்தேன். சுற்றுச் சுற்றாக, ஒவ்வொரு துணி இழையாகப் பார்த்தேன். நம் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாது.

டிசம்பர் 20 மதுரையில் இறங்குகிறேன். நேராகக் கோவில்பட்டி வருகிறேன். கதவைத் திறப்பாயா? என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை நம் இரண்டு பேருக்குள் வைத்துக்கொள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அம்மா தாங்க மாட்டார்கள்.

பெனோ


கோவில்பட்டி
2 டிசம்பர் 2024

திரு. பெனோ அவர்களுக்கு,

நம் இரண்டு பேருக்குள் வைத்துக்கொள்ளவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றே முதல் பக்கத்தைப் பிரதி எடுத்து சாம்ராஜுக்கு அனுப்பினேன். இரண்டாம் பக்கம் என் பிள்ளையைப் பற்றியது, அதை யாருக்கும் காட்டவில்லை. மறுநாள் சாம்ராஜ் போன் போட்டார். “படிச்சேன், மதினி. எனக்குப் புரியுது. ஆனா அம்மா பயப்படுதாவ. இன்னும் ஒரு மாசந்தானே, எதுக்கு வம்புன்னு சொல்லுதாவ” என்றார். பின்னால் ஷைலா அழுகிற சத்தம் கேட்டது. போனை அவளிடம் கொடுக்கவில்லை.

ஆக, உங்கள் கையெழுத்து எடுபடும் என்று நான் நம்பியது தப்பு. பொய்யை வராண்டாவில் நின்று ஒரு தடவை சொன்னீர்கள், அது பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்விட்டது. உண்மையை மூன்று வருஷம் கழித்து உறையில் ஒட்டி எனக்கு அனுப்புகிறீர்கள்.

ஷைலாவுக்கு மூன்று வாரம் முன்னதாகவே, நவம்பர் 24 அன்று பிள்ளை பிறந்துவிட்டது. இங்கேதான், எங்கள் சென்டருக்கு நாலு கடை தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில். எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மாரித்தாய் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். “ஷைலா – பெண் குழந்தை – ஒரு நாள் – நெஞ்சு எக்ஸ்ரே.” மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கிறதாம். வெளியே வேதமணி அம்மா துணியில் சுற்றிய பிள்ளையோடு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார்கள்.

“வேற ஆள் இல்லையா?” என்று மாரித்தாயிடம்தான் கேட்டார்கள்.

“இருக்கது இந்தம்மா ஒருத்திதான். டாக்டர் படம் கேட்டிருக்காரு, பிள்ளை திணறுது. வேணுமா வேண்டாமா?” என்றாள் மாரித்தாய்.

பிள்ளையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். வேதமணி அம்மா உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார்கள். நான் கையை நீட்டினேன். அவர்கள் மாரித்தாயிடம் கொடுத்தார்கள். மாரித்தாய் ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு பிள்ளையை மேஜையில் கிடத்தி இரண்டு கையையும் மேலே பிடித்தாள். நான் கண்ணாடிக்குப் பின்னால் போய் அழுத்தினேன். ஒரு கண் சிமிட்டும் நேரம்.

படம் திரையில் வந்தது. நெஞ்சு மட்டும்தான் எடுக்க வேண்டும். கதிர் விழும் சட்டத்தை நான் கொஞ்சம் மேலே தள்ளி வைத்திருந்தேன் போலிருக்கிறது. பதினான்கு வருஷத்தில் நான் செய்யாத பிழை. தாடையும் கண்குழியும் நெற்றியின் தொடக்கமும் விழுந்திருந்தன. நெற்றி வளைந்து மேலே போயிற்று. நெஞ்சில் கொஞ்சம் நீர் கோத்திருந்தது, இரண்டு நாளில் வற்றிவிடும். அப்படியே வற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நான் வெளியே வருவதற்குள் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாரித்தாய் ஏப்ரனைக் கழற்றாமல் நின்றுகொண்டு, “உங்க மூக்குதாம்மா” என்றாள்.

நீங்கள் வரும்போது புதியம்புத்தூருக்குப் போங்கள். ஞாயிறு பூசை முடிந்து சனம் கலையும் முன் கோவில் வாசலில் நின்று, உங்கள் அம்மாவிடம் சொன்னதை இல்லை என்று அதே வாயால் சொல்லுங்கள். பிறகு கடம்பூரிலும் சொல்லுங்கள். எனக்காக என்று சொல்லாதீர்கள். சொல்வீர்கள் என்ற நம்பிக்கையிலும் நான் இதை எழுதவில்லை.

வக்கீலிடம் பேசிவிட்டேன். தாள்கள் உங்கள் அம்மா வீட்டு முகவரிக்கு வரும்.

என் வீட்டுக்கு வர வேண்டாம். இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை, எனக்கு வேலை நாள். இந்த முகவரிக்கு இனி வருகிற கடிதத்தைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஜீனா
எக்ஸ்ரே பிரிவு